ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம் திங்கட்கிழமை எங்கே போகிறது?

கேள்வி: "ஞாயிறு ஆராதனையில் பாடும்போது மனது நிறைந்து கண்ணீர் வருகிறது. தேவ பிரசன்னத்தை நன்றாக உணர்கிறேன். திங்கட்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டி, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கு எல்லாம் செய்துவிட்டு, வேலைக்கு பஸ் ஏறும்போது அந்தச் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபித்தால்தான் நாள் முழுக்க தேவ சமுகத்தில் இருக்க முடியும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வருகிறது. என் விசுவாசத்தில் குறையா?"

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறை இல்லை. விசுவாசம் செத்துப்போனவருக்கு இந்த ஏக்கம் வராது. சந்தோஷம் போய்விட்டதே என்று தேடுகிறீர்களே, அந்தத் தேடலே தேவன் உங்களை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

சரி, அந்தச் சந்தோஷம் எங்கே போகிறது? உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் வேலைப் பளுவைக் குற்றம் சொல்கிறீர்கள். பளு இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் சந்தோஷத்தைத் தின்பது அந்தப் பளுவைவிட, "நான் அவரை மறந்துவிட்டேனே" என்று நாள் முழுக்க உங்களை நீங்களே திட்டிக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து ஓடுகிறான். தகப்பனை ஏமாற்றிய பாவம் இன்னும் சூடு ஆறவில்லை. பொழுது சாய்ந்ததும் வழியில் கிடந்த ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அங்கே ஆலயம் இல்லை, பாட்டு இல்லை. ஜெபம்பண்ணிவிட்டுப் படுத்தான் என்றுகூட எழுதப்படவில்லை. சொப்பனம் கண்டு விழித்தபோது, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்கிறான். அவன் வந்து சேர்வதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் உங்களைத் தொட்டவர், திங்கட்கிழமை மாமியாரின் கட்டிலருகில் உங்களுக்கு முன்பே நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் அவரை அங்கே வரவழைக்க வேண்டியதில்லை. இதை முதலில் நம்பிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

"உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும்" என்ற 16ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். காலண்டரில் இருக்கும், வீட்டு வாசலில் இருக்கும். ஆனால் அதற்கு மூன்று வசனம் முன்னால் தாவீது சொல்வதை அவ்வளவாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை: "கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்." அடுத்த வசனத்தில்தான் இருதயம் பூரித்தது என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். பூரிப்பைத் தேடிக்கொண்டு அவர் புறப்படவில்லை. கர்த்தரைத் தன் முன்னால் வைத்தார், பூரிப்பு பின்னாலேயே வந்தது. நாம் பெரும்பாலும் நேர் மாறாகச் செய்கிறோம். உணர்வு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வரவில்லையென்றால் அவர் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆர்கனும் கூட்டமும் பாட்டும் சேர்ந்து அந்த உணர்வை எளிதாக்குகின்றன. அது நல்லது, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் திங்கட்கிழமையை அந்த அளவுகோலால் அளக்கக் கூடாது.

"முன்பாக வைத்திருப்பது" எப்படி, அதுவும் தலைக்கு மேல் வேலை இருக்கும்போது? இதற்கு நான் அறிந்த மிக நல்ல ஆசிரியர் ஒரு சமையற்காரர்.

பதினேழாம் நூற்றாண்டு. பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் நிக்கோலா எர்மான். ஏழைக் குடும்பம், பெரிய படிப்பு இல்லை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டார். கடைசிவரை நொண்டி நொண்டித்தான் நடந்தார். அப்புறம் ஒரு பெரிய அதிகாரி வீட்டில் ஏவலாளாக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைக்கிற ஆள் என்று அந்தக் காலத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸில் கர்மேல் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். குருவானவராக அல்ல, வேலைகளைக் கவனிக்கிற சகோதரராக. சகோதரர் லாரன்ஸ் என்று உலகம் அறிந்திருப்பது இவரைத்தான். கத்தோலிக்கத் துறவியாயிற்றே என்று தயங்க வேண்டாம். எல்லாச் சபைப் பிரிவிலும் மக்கள் முந்நூறு வருஷத்துக்கு மேலாக இவரிடம் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது அடுப்படி. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையை சுமார் பதினைந்து வருஷம் செய்தார். பிறகு மடத்தாருக்குச் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் புத்தகம் எழுதவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. 1666 ஆகஸ்டில் தொடங்கி, ஜோசப் தெ பொஃபோர் என்ற குருவானவர் அவரைச் சந்தித்துப் பேசியதைக் குறித்துவைத்தார். 1691 பிப்ரவரியில் லாரன்ஸ் இறந்தபின் அந்தக் குறிப்புகளும் அவர் எழுதிய கடிதங்களும் அச்சாயின. அதனால்தான் அந்த அடுப்படியில் நடந்தது நமக்குத் தெரிகிறது.

அங்கே என்னதான் நடந்தது? வேலை தொடங்கும் முன் நின்று ஒரு சின்ன ஜெபம். தேவனே, நீர் என்னோடு இருக்கிறீர், உமக்குக் கீழ்ப்படிந்து இப்போது இந்த வேலையில் மனதை வைக்க வேண்டியிருக்கிறது, உம்முடைய சமுகத்தில் நிலைத்திருக்க எனக்குக் கிருபை தாரும், என் கூடவே இந்த வேலையைச் செய்யும் என்கிற மாதிரி. பிறகு வேலையில் இறங்கிவிடுவார். வேலை நடுவில் தேவனோடு இரண்டு வார்த்தை பேசுவார். வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடும்போது அதை தேவன்மேல் உள்ள அன்புக்காகத் திருப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது முடிந்து கையில் வேறு வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து பணிந்துகொள்வார். எழும்பும்போது ஒரு ராஜாவைவிட சந்தோஷமாக எழும்புவாராம். தரையில் கிடக்கிற ஒரு துரும்பைத் தேவனுக்காகக் குனிந்து எடுக்கக் கிடைத்தாலும் போதும் என்று சொன்ன மனிதர் அவர். பாத்திரச் சத்தத்துக்கும், ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாகக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கும் நடுவில், நற்கருணையின் முன் முழங்காலில் நிற்கிற அதே அமைதியோடு தேவனோடு இருக்க முடிகிறது என்றார்.

ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். மடத்துக்குத் திராட்சரசம் வாங்கிவர அவரை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்குத் தெரியாத விஷயம். கால் வேறு ஊனம். படகில் நடமாட முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் இங்கிருந்து அங்கே போனார். அவர் பதறவில்லை. ஆண்டவரே, இது உம்முடைய காரியம், நான் உமக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரியத்தைப் பார்த்தார். பிற்பாடு பார்த்தால் எல்லாம் நன்றாகவே முடிந்திருந்தது. பீப்பாய்களின்மேல் உருள்கிற அந்த மனிதரின் முகத்தில் வெட்கமும் இல்லை, சலிப்பும் இல்லை. தேவ சமுகத்தின் சந்தோஷம் என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைக்கிறேன். அது பாட்டுப் பாடும்போது வருகிற சிலிர்ப்பைவிடச் சத்தம் குறைந்தது, ஆனால் நெடுநாள் நிற்கக் கூடியது.

வேலையில் மனது இருக்கும்போது அவரிடமும் எப்படி மனது இருக்கும் என்று கேட்பீர்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை தொட்டிலில் தூங்கியபோது நீங்கள் அடுப்படியில் நின்றிருப்பீர்கள். வெங்காயம் நறுக்கினீர்கள், குழம்புக்குப் புளி கரைத்தீர்கள், பக்கத்து வீட்டு அக்காவோடு பேசினீர்கள். ஆனால் பிள்ளை லேசாகச் சிணுங்கினால் முதலில் கேட்டது உங்கள் காதுதான். "பிள்ளை, பிள்ளை" என்று ஒவ்வொரு நிமிஷமும் நினைத்துக்கொண்டா இருந்தீர்கள்? இல்லை. ஆனாலும் உங்கள் உள்ளம் அந்தப் பக்கம் திரும்பியே இருந்தது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது இதைப் போன்ற ஒன்று என்று நான் நம்புகிறேன். வாய் ஓயாமல் ஜெபிக்க யாராலும் முடியாது. தானே கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

லாரன்ஸ் தவறினால் என்ன செய்தார்? தவறினார், நிறையவே தவறினார். ஜெபிக்க உட்கார்ந்தால் மனது எங்கோ ஓடும். வேலையில் மூழ்கி தேவனை மறந்துவிடுவார். ஆரம்ப நாட்களில் ஜெப நேரமெல்லாம் மனதை இழுத்துவருவதும் அது மறுபடி ஓடுவதுமாகவே கழிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படித் தவறியது தெரிந்ததும், நீர் என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், என்னை விழாமல் தடுப்பதும் கோணலைச் சரிசெய்வதும் உம்முடைய வேலை என்று தேவனிடம் ஒத்துக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். உடனே திரும்பவும் அவரோடு இருக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த ஒரு பழக்கம்தான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பேன். நாம் எப்படித் திரும்பி வருகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காலை பத்தரை மணிக்கு, "ஐயோ, எழுந்ததிலிருந்து அவரை நினைக்கவே இல்லையே" என்று தோன்றுகிறது. அந்த நினைப்பு வந்த நொடியே நீங்கள் அவரிடம் வந்துவிட்டீர்கள்! அவர்தான் உங்கள் தோளைத் தொட்டு நினைவூட்டினார். ஆனால் நாம் அங்கே அவர் முகத்தைப் பார்க்காமல் நம் தவறையே பார்த்துக்கொண்டு உட்காருகிறோம். நான் என்ன கிறிஸ்தவள், இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் வேறு என்று ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் போய்விடும். அவரோடு இருக்க வேண்டிய அரை மணி நேரம் நம்மை நாமே விசாரிப்பதில் போகிறது. நாளாக ஆக, அவரை நினைத்தாலே அடி விழும் என்று மனது கற்றுக்கொள்கிறது. பிறகு அது அவரை நினைக்காமல் இருக்கவே பார்க்கும். வசனத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் ஒரே கட்டாயமான காரியம் இதுதான்: மறந்தது தெரிந்தால் திட்டிக்கொள்ளாமல் திரும்புங்கள். "ஆண்டவரே, இதோ வந்துவிட்டேன்" என்றால் போதும். இளைய குமாரன் தயார்செய்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சை முடிப்பதற்குள் தகப்பன் வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார் இல்லையா? ஒரு நாளில் எத்தனை தடவை மறந்தாலும் அத்தனை தடவையும் திரும்பலாம். அப்படித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சந்தோஷம் காத்திருக்கும். நான் இங்கே பேசுவது மறதியையும் பலவீனத்தையும் பற்றி. வேண்டுமென்றே பிடித்துவைத்திருக்கிற பாவம் வேறு விஷயம். அதை அறிக்கையிட்டு விட்டுவிட வேண்டும், அதைச் சுமந்துகொண்டு அவர் சமுகத்தில் யாரும் இளைப்பாற முடியாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஃபிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனெரி, 1930இல் பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவின் லானாவோ ஏரிக்கரையில் மோரோ முஸ்லிம்கள் நடுவில் தனியாக இருந்தார். குடும்பம் தூரத்தில், பாகியோவில். ஊழியத்தில் பலன் இல்லை. தனிமையும் தோல்வியும் நெருக்கின. அந்த நிலையில்தான், ஒவ்வொரு நிமிஷத்திலும் ஒரு நொடியாவது தேவனை நினைக்க முடியுமா என்று முயன்றார். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில், இன்று பெரும்பாலும் முடியவில்லை, நேற்று கொஞ்சம் பரவாயில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். ஒரு நாள் மாலை வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் உட்கார்ந்திருந்தபோது, இந்த மக்களைவிட நான் உயர்ந்தவன் என்ற எண்ணம் தன் உள்ளத்தில் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அது மாறியபின் அந்த மக்களும் அவரிடம் நெருங்கினார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய வேலைதான் பின்னால் உலகத்தின் பல நாடுகளுக்குப் பரவிய எழுத்தறிவு இயக்கமானது. தேவ சமுகத்தில் பழகியவர் தன் பக்கத்தில் இருக்கும் மனிதரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நிமிஷத்துக்கு நிமிஷம் என்ற அவருடைய முறையை உங்களுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. குற்ற உணர்வால் ஏற்கெனவே களைத்திருப்பவர் கணக்கு வைக்க ஆரம்பித்தால் அது இன்னொரு பாரமாகிவிடும்.

அப்போது எங்கே தொடங்குவது? நாளில் உங்களுக்குப் பிடிக்காத ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த வேலை வேண்டாம், பிடிக்காததே நல்லது. மாமியாரின் துணிகளை அலசுவதோ, பஸ்ஸில் நசுங்கி நிற்பதோ, எதுவானாலும் சரி. அதைத் தொடங்கும்போது "ஆண்டவரே, இது உமக்காக, கூட இரும்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை. அது கைவரட்டும், அப்புறம் இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஜெபமாக்கக் கிளம்பினால் மூன்றாம் நாள் அலுத்துவிடும்.

நீளமான ஜெபம் வேண்டியதில்லை. நெகேமியா பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். எகிப்து தேசத்துத் துறவிகள் அடிக்கடி, சட்டென்று எறிகிற மாதிரிச் சின்னச் சின்ன ஜெபங்கள் செய்வார்கள் என்று ஆதிகாலச் சபைப் போதகரான அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நீண்ட ஜெபத்தில் கவனம் மழுங்கிவிடும் என்பதால் அப்படியாம். நம் ஊரில் அம்மாக்கள் எழும்பும்போதும் உட்காரும்போதும் "இயேசப்பா" என்பார்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மனதோடு சொன்னால் அது முழு ஜெபம்.

எங்கள் சபையில் தையல் வேலை செய்கிற ஓர் அம்மா இருக்கிறார். தைக்க வந்த துணிகளில் யாருடையது என்று பேர் எழுதி ஒரு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்திவைப்பார். ஒவ்வொரு துணியாக எடுத்து மிஷினில் வைக்கும் முன் அந்தச் சீட்டைக் கழற்றி, அந்தப் பேரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லி, அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை ஜெபிப்பார். பிறகு சீட்டை மிஷின் டிராயரில் போட்டுவிட்டு மிதிக்கத் தொடங்குவார். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை வந்தால் சிரித்துக்கொண்டே ஜெபிப்பார். அவர் வீட்டில் கஷ்டம் குறைவு என்று சொல்ல முடியாது, ஆனாலும் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் எனக்கே மனது லேசாகிவிடும். இதை அவருக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்தோத்திரம் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையாக ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட புத்தகத்தை வைத்து வாசிக்கிறோம், நல்லதுதான். ஆனால் பொதுவாக "சகல நன்மைகளுக்காகவும்" என்று சொல்வதைவிட, இன்று நடந்த ஒன்றைப் பேர் சொல்லி ஸ்தோத்திரிப்பது மனதைச் சீக்கிரம் எழுப்பும். கேஸ் தீருவதற்குள் சிலிண்டர் வந்தது, சின்னவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், நான் ஓடிவருவதைக் கண்டக்டர் பார்த்து விசில் கொடுக்காமல் காத்திருந்தார் என்று. கூடவே இன்னொன்று, உரிமையோடு சொல்கிறேன். குக்கர் விசிலுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்கிற அந்த ஐந்து நிமிஷங்களை இப்போது போன் எடுத்துக்கொள்கிறது. காலையில் வருகிற வாக்குத்தத்த வசனத்தைக்கூட வாசிப்பதற்குள் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு நாளைக்கு அதில் ஒரே ஓர் இடைவெளியை அவருக்கென்று விட்டுவையுங்கள். சும்மா நின்றாலும் போதும்.

இனி, பேசக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. சந்தோஷம் என்றால் எப்போதும் சிரித்த முகம் என்று நம் சபைகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. வேதம் அப்படிச் சொல்லவில்லை. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். அதே நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து செத்துப்போயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்றும், கண்ணீரோடு சொல்கிறேன் என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒரே மனிதரிடத்தில், ஒரே கடிதத்தில். ஆபகூக் அத்திமரம் துளிர்விடவில்லை, ஒலிவமரத்தில் பலன் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று இழப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். இல்லாததை இருப்பதாக அவர் சொல்லவில்லை. லாரன்ஸும்கூட, தான் கெட்டுப்போனவன், தனக்கு மீட்பு இல்லை என்ற கலக்கத்தில் நான்கு வருஷம் தவித்தவர். எனக்கு என்ன ஆனாலும் சரி, உயிரோடிருக்கும்வரை தேவன்மேலுள்ள அன்புக்காகவே எல்லாம் செய்வேன் என்று தீர்மானித்த பிறகுதான் அந்த இருட்டு விலகியது. ஆக, வறண்ட நாட்கள் வந்தால் வழிதவறிவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

உடம்பையும் பாருங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவதூதன் வந்து அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தூக்கம் கெட்டு, பசி கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையோ வெறுமையோ விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது மன அழுத்த நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் தேடுவது அவிசுவாசம் அல்ல. ஜெபித்தால் போதும் என்று சொல்லி ஆட்களை நோயோடு தனியாக விட்டுவிடுவது பெரிய தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உங்கள் மாமியாரைப் பற்றி. அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்கிறீர்கள், பவுடர் போடுகிறீர்கள், கஞ்சி ஊட்டுகிறீர்கள். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்று இயேசு சொன்னதை நீங்கள் தினமும் நேரடியாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆலயத்தில் பாடும்போது உணர்கிற அதே இயேசுவின் முதுகைத்தான் துடைக்கிறேன் என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டு செய்து பாருங்கள். ஆனால் இந்த வசனத்தைச் சொல்லியே முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் உங்கள் கணவரின் தாய். ராத்திரி முறையை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் டிபனை அவர் கட்டலாம். இந்தக் கடிதத்தை அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். மார்த்தாளிடம் ஆண்டவர் குறை சொன்னது அவள் வேலை செய்ததற்காக இல்லை, அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கியதற்காக. இரண்டு ஆள் பாரத்தை ஒருத்தி சுமந்தால் கலக்கம் வரத்தான் செய்யும்.

கடைசியாக, அந்த நாலு மணி ஜெபம். விடியற்காலையில் எழுந்து ஜெபிப்பது அருமையான பழக்கம். இயேசுவும் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். லாரன்ஸும் வேலையே ஜெபம் என்று சொல்லிக்கொண்டு மடத்தின் ஜெப நேரங்களைக் கைவிட்டவரல்ல. தேவனுக்கென்று ஒதுக்கிய நேரம் எல்லோருக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாமியாரைப் பார்க்கிறவர் நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. இப்போதைக்குத் தூங்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகோ, வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்திலோ, பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு இந்த வாரம் முழுக்க 16ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள். மொத்தம் பதினொரு வசனம்தான். எந்த வசனத்தில் மனது நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள், முடிக்க வேண்டும் என்று அவசரம் இல்லை.

மாமியாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்குகிறார்களா என்று அடுத்த முறை எழுதுங்கள். அவர்கள் பேரையும் பிள்ளைகள் பேரையும் சேர்த்து எழுதினால் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வைத்துக்கொள்வோம்.